கொழுக்கட்டை மட்டும் சிங்கப்பூர் போகல

அப்பச்சியோட சாந்திக் கல்யாணத்துக்கு, அதான் அறுபதாம் கல்யாணத்துக்கு, மெனு பேசிட்டு இருந்தோம். காரைக்குடில நானும் ஆத்தாவும், சிங்கப்பூர்ல அத்தானும் அக்காவும், பினாங்குல பெரியப்பச்சி மகன், எல்லாரும் ஒரே சாட் ரூம்ல. சமையல்காரர் குடுத்த லிஸ்ட்ட ஒரு பழைய பைல்ல இருந்து காப்பி பண்ணி ஒவ்வொரு வரியா நான் போட்டுட்டே வரேன், அத்தான் திடீர்னு கேக்குறாரு, "தம்பி, கந்தரப்பம் வந்துச்சு, வெள்ளைப் பணியாரம் வந்துச்சு, மூணாவது என்னப்பா காலியா கெடக்கு?" என் ஸ்க்ரீன்ல அது கொழுக்கட்டைன்னு பளிச்சுன்னு தெரியுது. அப்பறம் ஒவ்வொண்ணா கேட்டுப் பாத்தா பொரியல் காலி, மோர்க்குழம்பு காலி, மறுநாளைக்கு வச்சிருந்த கோழி வறுவலும் காலி. ஆனா சாம்பார் போயிருக்கு, ரசம் போயிருக்கு, கவுனி அரிசி போயிருக்கு.

நெட்வொர்க் பிரச்சனைன்னா எல்லாம்ல போகாம இருக்கணும். பொறுக்கி எடுத்த மாதிரி சிலது மட்டும் எப்படி காலியாகும்? அந்த ராத்திரி வளவுல உக்காந்து லாக் (சர்வர் தான் செஞ்சத எல்லாம் எழுதி வைக்கிற குறிப்பு) பாத்துப் பாத்து புடிச்ச விஷயத்ததான் எழுதுறேன். இத தமிழ்ல யாராவது எழுதியிருந்தா எனக்கு ரெண்டு நாள் மிச்சமாயிருக்கும்.

எங்க குடும்ப ரூம் ஓடுறது மேட்ரிக்ஸ்ல. 2014ல வந்த திறந்த நெறிமுறை, அதாவது சர்வர்கள் பேசிக்கிறதுக்கான பொது விதி, ஈமெயில் மாதிரி, யார் வேணா சொந்தமா சர்வர் வச்சுக்கலாம், எல்லா சர்வரும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும். அத்தான் வச்சிருக்கது சினாப்ஸ்ங்கிற சர்வர் சாப்ட்வேர், ரொம்ப பேர் ஓட்டுறது அதான். நான் என் வீட்ல ஒரு சின்ன பெட்டில நானே எழுதுன சர்வர ஓட்டுறேன், பினாங்கு அண்ணனும் ஒண்ணு தனியா எழுதி ஓட்டுறாரு. இதுல முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது, ரூம் ஒரு இடத்துல இல்ல. ஒவ்வொரு சர்வர்லயும் அதோட முழு பிரதி இருக்கு. ஒரு மெசேஜ் போட்டா, ஒருத்தர் சேந்தா, ஒருத்தர வெளிய அனுப்புனா, எல்லாமே ஒரு ஈவென்ட், அத அனுப்புற சர்வர் தன் ரகசிய சாவியால கையெழுத்து போட்டு மத்த சர்வருக்கெல்லாம் அனுப்பும். ஒவ்வொரு ஈவென்ட்டும் தனக்கு முன்னாடி வந்தத சுட்டிக் காட்டும், சங்கிலி மாதிரி. வாங்குறவங்க தனித்தனியா சோதிச்சு ஏத்துக்கணுமா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க. நடுவுல தீர்ப்பு சொல்ல ஆள் கெடையாது, ஆனா எல்லாரோட தீர்ப்பும் ஒண்ணாவே இருந்தாகணும், இல்லன்னா ஒரே ரூம் ரெண்டு ரூமா பிரிஞ்சு போயிடும்.

எங்க ஐயா மலேயாவுல ஒரு கிட்டங்கில (ஊர்க்காரங்க கடை வச்சிருந்த கட்டடம்) அடுத்தாளா, அதாவது ஏஜெண்டுக்கு உதவியாளா இருந்தவரு. சின்ன வயசுல அவரு உண்டியல் கதை சொல்லிக் கேட்டிருக்கேன், காசு போடுற உண்டியல் இல்ல, பணம் குடுக்கச் சொல்லி எழுதுற தாள். பினாங்குல பணத்த கட்டிட்டு இங்க காரைக்குடில உண்டியல காட்டி வாங்கிக்கிறது, ரெங்கோன்ல எழுதுனது கொழும்புல செல்லுறது, இதெல்லாம் ஒவ்வொரு விலாசமும் (கடையோட பேர்) தனித்தனி கடை, தனித்தனி பேரேடு, ஆனா ஒருத்தர் எழுதுன தாள இன்னொருத்தர் மதிக்கணும். தாள் கைக்கு வந்தா மொதல்ல விலாசத்தையும் கையெழுத்தையும்தான் பாப்பாங்களாம், அப்பறம்தான் தொகை. ஈவென்ட்ட சோதிக்கிற வரிசையும் அப்பிடித்தான் இருக்கு.

மேட்ரிக்ஸ்ல வாங்குற சர்வர் ஆறு படி பாக்கணும். மொதல்ல, இது ஒழுங்கான ஈவென்ட்டா, ரூம் ஐடி இருக்கா, அந்த ரூமோட பதிப்புக்குரிய (ரூம் எந்த விதித் தொகுப்புல ஓடுதோ அதுக்குரிய) வடிவத்துல இருக்கா, இல்லன்னா தூக்கிப் போட்டுடணும். ரெண்டாவது கையெழுத்து, தப்புன்னா அதுவும் தூக்கிப் போடு. மூணாவது ஹாஷ், அதாவது உள்ள இருக்க விஷயத்தோட கைரேகை. இது தப்புன்னா மட்டும் தூக்கிப் போடக் கூடாது, உள்ளடக்கத்த அழிச்சுட்டு யார், எப்ப, எந்த ரூம்னு சொல்ற வெளிக்கூட்ட மட்டும் வச்சு மேல போகணும். என் கொழுக்கட்டை மாட்டுனது இங்கதான்.

என்ன நடந்துச்சுன்னா, தமிழ்ல "கொ" எழுத யூனிகோட்ல (எழுத்துக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல குடுத்திருக்க எண் முறை) ரெண்டு வழி இருக்கு. க-வுக்கு அப்பறம் "ொ"ன்னு ஒரே குறி போடலாம், இல்ல ஒத்தக்கொம்பு தனியா கால் தனியா ரெண்டு குறியா போடலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, பைட்ல வேற வேற, ஒரு குறிக்கு 3 பைட், ரெண்டா பிரிச்சு எழுதுனா 6. ஓ-காரத்துக்கும் ஔ-காரத்துக்கும் இதே கதைதான். சமையல்காரர் குடுத்த பைல் பழைய சாப்ட்வேர்ல இருந்து மாத்துனது, அதுல எல்லாம் பிரிச்சு எழுதுன வடிவம். என் சர்வர் அந்த மெசேஜ வாங்கி, ஹாஷ் போட்டு, கையெழுத்தும் போட்டு, அதுக்கப்பறம் டேட்டாபேஸ்ல வைக்கும்போது தேடுறதுக்கு வசதியா இருக்கட்டுமேன்னு நான் எழுதியிருந்த ஒரு வரி எல்லாத்தையும் சேத்து எழுதுன வடிவத்துக்கு மாத்திடுச்சு. வெளிய அனுப்பும்போது டேட்டாபேஸ்ல இருந்து எடுத்துதான் அனுப்புது. அதனால கந்தரப்பத்துல ஒண்ணும் மாறல, வெள்ளைப் பணியாரத்துல வெறும் எ-காரம்தான் அதுலயும் மாறல, கொழுக்கட்டைலயும் பொரியல்லயும் மோர்க்குழம்புலயும் கோழிலயும் மட்டும் மூணு மூணு பைட் கொறஞ்சு போச்சு. அங்க அத்தான் சர்வர் கணக்கு போட்டுப் பாக்குது, ஹாஷ் ஒத்து வரல.

சரி, ஹாஷ் தப்புன்னா கையெழுத்தும்தானே தப்பாகணும்னு நானும் மொதல்ல நெனச்சேன். ஆகாது. கையெழுத்து போடுறது முழு ஈவென்ட் மேல இல்ல, உள்ளடக்கத்த அழிச்ச பிறகு மிஞ்சுற கூடு மேலதான், அந்த கூட்டுக்குள்ள உள்ளடக்கத்தோட ஹாஷ் இருக்கு. ஈவென்ட்டோட ஐடியும் மூணாம் பதிப்பு ரூம்ல இருந்து இந்த கூட்டோட ஹாஷ்தான். அதனால பின்னாடி யாராவது ஒரு மெசேஜ டெலீட் பண்ணாலும் கையெழுத்து செல்லும், ஐடியும் மாறாது, சங்கிலி அறுந்து போகாது. என் விஷயத்துல அத்தான் சர்வருக்கு தெரிஞ்சது இவ்வளவுதான்: இது காரைக்குடி சர்வர் அனுப்புனதுதான், இந்த நேரத்துக்கு இந்த ஆள் ஒண்ணு சொன்னாரு, என்ன சொன்னாருங்கிறத மட்டும் நம்ப முடியாது. உண்டியல்ல விலாசமும் கையெழுத்தும் சரியா இருக்கு, தொகை எழுதுன எடத்துல யாரோ அழிச்சு எழுதுன மாதிரி தெரியுது. தாள் வந்தத பதிவு பண்ணிக்கலாம், பணம் குடுக்க முடியாது. என்ன கேட்டா இந்த நெறிமுறைலயே ரொம்ப யோசிச்சு வச்ச எடம் இதுதான். முழுசா தூக்கிப் போட்டிருந்தா, அதுக்கு அடுத்து வந்த ஈவென்ட் எல்லாம் இல்லாத ஒண்ண சுட்டிக்கிட்டு நின்னுருக்கும்.

சரி பண்ணது ஒரே வரிதான், வாங்குன பைட்ட வாங்குனபடியே வச்சுக்கிறது, தேடுறதுக்கு மாத்துன வடிவத்த டேட்டாபேஸ்ல தனி கட்டத்துல வைக்கிறது. தமிழ்ல எதையாவது சேமிக்கிற ப்ரோக்ராம் எழுதுற எல்லாரும் இத ஒரு தடவை பாத்துக்கங்க, இங்கிலீஷ்லயே டெஸ்ட் பண்ணா இது ஒருநாளும் மாட்டாது. அளவும் அப்பிடித்தான். ஒரு ஈவென்ட் மொத்தமா 65,536 பைட்தான் இருக்கலாம், அனுப்புறவர் பேர், ரூம் ஐடி, வகை இதுக்கெல்லாம் தலா 255 பைட். எழுத்து இல்ல, பைட். 255 பைட்ல தமிழ்க் குறி 85தான் அடங்கும், புள்ளியும் கொம்பும் கூட அதுல ஒண்ணொண்ணு. ஒரு சர்வர் எழுத்த எண்ணி இன்னொண்ணு பைட்ட எண்ணுனா தமிழ் மெசேஜ்லதான் மொதல்ல சண்டை வரும்.

ரெண்டாவது சம்பவம் இதவிட மோசம். கல்யாணத்துக்கு பத்து நாளைக்கு முன்னாடி பினாங்குல இருந்து எனக்கு எதுவுமே வரல. அண்ணன் ஃபோன் பண்ணி "காலைல இருந்து போட்டுட்டே இருக்கேன், நீ ஒண்ணுக்கும் பதில் சொல்லமாட்டேங்குற"ன்னாரு. அவரு செலவுக் கணக்க ரூம்லயே எழுத ஒரு பாட் (தானா மெசேஜ் போடுற ப்ரோக்ராம்) வச்சிருந்தாரு, அது 350.50 ரிங்கிட்னு தொகைய புள்ளி வச்ச எண்ணாவே ஈவென்ட்ல போட்டு விட்டுருச்சு. ஆறாம் பதிப்பு ரூம்ல இருந்து அது கூடாது, எண் போட்டா முழு எண்தான், அதுவும் ரெண்டோட 53வது அடுக்குக்குள்ள. ஏன்னா ஹாஷ் போடணும்னா எல்லா சர்வரும் அந்த ஈவென்ட்ட அச்சு மாறாம ஒரே மாதிரி எழுதியாகணும், உள்ள இருக்க தலைப்புப் பேரெல்லாம் வரிசைப்படுத்தி, நடுவுல எடம் விடாம. 350.50ங்கிறத ஒரு ப்ரோக்ராம் மொழி 350.5ன்னு எழுதும், இன்னொண்ணு வேற மாதிரி எழுதும். அவரு சர்வர் அத தடுத்திருக்கணும், தடுக்கல, சரி. ஆனா எங்களுக்குள்ள போக்குவரத்து நின்னது அதனால இல்ல, என்னால.

ஈவென்ட் தனித்தனியா வராது, கட்டா வரும், ஒரு கட்டுல 50 ஈவென்ட் வரைக்கும் இருக்கலாம். என் கோட் அந்த கட்டுல ஒண்ணு கெட்டிருந்தா மொத்தத்துக்கும் 500ன்னு பிழை சொல்லி திருப்பி அனுப்பிடுச்சு. விதி என்னன்னா, அனுப்புற சர்வர் ஒரு கட்டுக்கு 200, அதாவது சரி வந்துச்சுங்கிற பதில், வாங்குற வரைக்கும் அடுத்த கட்ட அதே சர்வருக்கு அனுப்பக் கூடாது. அதனால அவரு சர்வர் அதே கட்ட திரும்ப அனுப்புது, நான் திரும்ப 500, கொஞ்சம் காத்திருந்து திரும்ப அனுப்புது, திரும்ப 500. கெட்டுப்போன ஈவென்ட் எத்தன தடவ அனுப்புனாலும் கெட்டதுதான், அது நல்லதாகப் போறதே இல்ல. இந்த காத்திருப்பு வேற கூடிக்கிட்டே போகும், சினாப்ஸ்ல பாத்தா மொதல்ல 10 நிமிஷம், அப்பறம் ரெண்டு ரெண்டு மடங்கா, கடைசில ஒரு வாரம் வரைக்கும் போகும். ஒத்த 350.50க்காக பின்னாடி வந்த நல்ல மெசேஜ் அத்தனையும் வாசல்ல நிக்குது. அதுல ஐயர் நேரம் மாத்துனதும் ஒண்ணு, அண்ணன் ஃபோன் பண்ணலன்னா எங்களுக்கு தெரிஞ்சிருக்காது.

சரியான வழி, கட்டுக்கு எப்பவும் 200 குடுத்துட்டு, உள்ள ஒவ்வொரு ஈவென்ட் ஐடிக்கும் தனித்தனியா சரி, இல்ல இந்த காரணத்தால எடுக்கலன்னு பதில் எழுதுறது. கட்டு கைக்கு வந்துச்சுங்கிறது வேற, உள்ள இருக்க சாமான் நல்லாருக்குங்கிறது வேற. பார்சல் வாங்கும்போது கையெழுத்து போட்டு வாங்கிட்டு, உள்ள உடைஞ்ச சீப்புச்சீடைய தனியா எடுத்து வச்சுட்டு மத்தத டப்பால போடுறதுதானே, ரெண்டு சீடை உடைஞ்சதுக்கு மொத்த பெட்டிய திருப்பி அனுப்புறதில்ல. ஒரு சிக்கல், சில ஈவென்ட்டுக்கு ஐடியே சொல்ல முடியாது. ரூம் ஐடி இல்லாம வந்தா எந்த பதிப்புன்னு தெரியாது, பதிப்பு தெரியலன்னா எந்தெந்த பகுதிய அழிச்சுட்டு ஹாஷ் போடணும்னு தெரியாது, அப்ப பேர் சொல்லி பதில் எழுதவே வழி இல்ல. அத சத்தமில்லாம விட்டுட்டு லாக்ல மட்டும் எழுதி வைக்கணும்.

அத்தான் சர்வர் இதே ஈவென்ட்ட எப்படி சமாளிச்சுச்சுன்னு பாத்தேன். 350.50ஐ தூக்கிப் போட்டுச்சு. அண்ணனோட அடுத்த மெசேஜ் அந்த இல்லாத ஈவென்ட்ட தன் முன்னோடின்னு சுட்டுச்சு. நடுவுல விட்டுப் போனத குடுன்னு கேட்டுச்சு, அதே கெட்டதுதான் வந்துச்சு, திரும்ப தூக்கிப் போட்டுச்சு, அப்பறம் சரி அந்த எடத்துல ரூமோட நிலை என்ன, யார் யார் உள்ள இருந்தாங்க, யாருக்கு என்ன அதிகாரம், அத மட்டும் சொல்லுன்னு கேட்டு வாங்கிட்டு மேல போயிடுச்சு. நடுவுல ஒரு ஓட்டை இருக்கு, இருந்துட்டுப் போகட்டும், ரூம் நிக்கல.

ஆறு படில மிச்சம் மூணும் அதிகாரம் பத்தினது. நாலாவது, இந்த ஈவென்ட் தன் அத்தாட்சின்னு காட்டுற பழைய ஈவென்ட்டுகளப் பாத்தா இவருக்கு இத செய்ய உரிமை இருக்கா. அஞ்சாவது, இது நடந்த எடத்துல ரூம் இருந்த நிலையப் பாத்தா இருக்கா. இந்த ரெண்டுல எது தப்புனாலும் ரிஜெக்ட். ரிஜெக்ட்னா தூக்கிப் போடுறது இல்ல, வச்சுக்கணும், ஆனா யாருக்கும் காட்டக் கூடாது, ரூமோட நிலைய அது மாத்தாது, நாம எழுதுற புது ஈவென்ட் அத சுட்டக் கூடாது. வேற சர்வர் அத சுட்டி ஒண்ணு அனுப்புனா, அந்த ஒரு காரணத்துக்காக அத தண்டிக்கவும் கூடாது, விதிப்படி சரியா இருந்தா எடுத்துக்கணும். அத்தாட்சியாவே ரிஜெக்ட் ஆனத காட்டுனாத்தான் அதுவும் ரிஜெக்ட்.

ஆறாவது படிதான் எனக்கு ரொம்ப நாள் புரியாம இருந்துச்சு, இப்ப நெலமைல இவருக்கு உரிமை இருக்கா, இல்லன்னா சாஃப்ட் ஃபெயில். அஞ்சாவதுலயே பாத்தாச்சே, திரும்ப எதுக்கு? ஐயா சொன்ன இன்னொரு கதைதான் எனக்கு இத தெளிவாக்குச்சு. கிட்டங்கிக்கு அனுப்புற ஏஜெண்டுக்கு மூணு வருஷக் கணக்கு. மூணு வருஷம் முடிஞ்சா கணக்க ஒப்படைச்சுட்டு ஊருக்கு வரணும், அதோட விலாசத்துக்காக கையெழுத்து போடுற உரிமை போச்சு. இப்ப ஒருத்தர் உரிமை போன பிறகு, போறதுக்கு முன்னாடி தேதியப் போட்டு ஒரு உண்டியல் எழுதுனா? தாள மட்டும் பாத்தா குத்தம் சொல்ல ஒண்ணுமே இல்ல. அந்த தேதில அவருக்கு உரிமை இருந்துச்சு, கையெழுத்து அவரோடதுதான். ஆனா இன்னைக்கு கைக்கு வந்திருக்கு, இன்னைக்கு அவரு ஏஜெண்ட் இல்ல.

ரூம்லயும் இதேதான். ஒருத்தர தடை பண்ணி வெளிய அனுப்பிட்டோம், அவரு தன் சர்வர்ல இருந்து, தடைக்கு முன்னாடி இருந்த ஈவென்ட்ட முன்னோடின்னு சுட்டி புதுசா ஒண்ணு எழுதி அனுப்புறாரு. நாலாம் படி சரி, அஞ்சாம் படியும் சரி, அந்த எடத்துல அவரு உள்ளதான் இருந்தாரு. நிறுத்துறது ஆறாவது படி மட்டும்தான்.

அப்ப நேரா ரிஜெக்டே பண்ணிடலாமேன்னா, அங்கதான் எங்க ஊரு கரண்ட் விஷயம் வருது. மாசத்துல ஒரு நாள் பராமரிப்புன்னு காலைல நிறுத்துனா சாயங்காலம்தான் வரும். அந்த நேரத்துல சிங்கப்பூர்ல ஒருத்தர் நெசமாவே ஒரு மெசேஜ் போட்டாரு, ஒரு மணி நேரம் கழிச்சு அவர தடை பண்ணாங்கன்னு வச்சுக்கங்க. கரண்ட் வந்தப்ப என் சர்வருக்கு தடை மொதல்ல வந்து சேருது, மெசேஜ் பின்னாடி வருது. அத்தான் சர்வருக்கு வரிசைல வந்துச்சு, அது ஏத்துக்கிடுச்சு, அதுக்கு மேல ரெண்டு ஈவென்டும் எழுதியாச்சு. நான் அத நிரந்தரமா ரிஜெக்ட்னு முத்திரை குத்துனா, எந்த வரிசைல வந்துச்சுங்கிற ஒரே காரணத்துக்காக என் பேரேடும் அவரு பேரேடும் வேற வேற கணக்கு காட்டும். அதனாலதான் சாஃப்ட் ஃபெயில்ங்கிறது நடுவாந்திர நிலை. காட்டக் கூடாது, நாமளா அத சுட்டி எழுதக் கூடாது, ஆனா இன்னொரு சர்வர் அத ஏத்துக்கிட்டு அதுக்கு மேல கணக்கு எழுதியிருந்தா, நிலைய தீர்மானிக்கும்போது அதையும் வழக்கம்போல சேத்துக்கணும். பின்தேதி உண்டியல நீங்க மதிக்க வேணாம், பெட்டில போட்டு வைங்க, ஆனா இன்னொரு ஊர்க் கடை நல்ல எண்ணத்துல ஏற்கனவே பணம் குடுத்திருந்தா அந்த தாளே இல்லன்னு சொல்லிட முடியாது. இதுல நெசமான ஒரு மெசேஜ் என் ஸ்க்ரீன்ல வராமப் போக வாய்ப்பிருக்கு, அது நஷ்டம்தான், ரூம் ரெண்டா பிரியறதோட ஒப்பிட்டா தாங்கிக்கக் கூடிய நஷ்டம்னு நெனைக்கிறேன்.

கரண்ட் பத்தி சொன்னதால இன்னொண்ணு. என் பெட்டி அணைஞ்சு கெடக்கும்போது வேற ஒரு சர்வர் புதுசா ரூம்ல சேந்து, நான் முன்னாடி போட்ட ஈவென்ட்ட சோதிக்க என் பொதுச் சாவிய (கையெழுத்த சரிபாக்க எல்லாருக்கும் குடுக்குறது) கேக்கும், பதில் வராது. சாவி கெடைக்கலங்கிறதும் கையெழுத்து தப்புங்கிறதும் ஒண்ணு இல்ல. ரெண்டையும் ஒரே பிழையா எழுதி வச்சா, சாயங்காலம் கரண்ட் வந்த பிறகும் அந்த ஈவென்ட் கெட்டதாவே நிக்கும். என் சாவிய தெரிஞ்ச இன்னொரு சர்வர்கிட்ட கேட்டு வாங்கவும் வழி இருக்கு, அது இல்லன்னா அப்பறம் பாக்கலாம்னு ஒதுக்கி வைக்கணும். "இன்னும் பாக்கல"ன்னு ஒரு நிலைய தனியா வச்சதுல இருந்துதான் என் கோட் படிக்கிற மாதிரி ஆச்சு.

இதெல்லாம் வீட்டு சர்வர் பிரச்சனைன்னு நெனைக்க வேணாம். 2018 ஏப்ரல்ல யாரோ ஈவென்ட்டோட ஆழம்ங்கிற எண்ண (சங்கிலில அது எத்தனாவதுங்கிறது) 9223372036854775807னு போட்டு அனுப்பிட்டாங்க, ரெண்டோட 63வது அடுக்குல ஒண்ணு கொறைச்சது. அடுத்த ஈவென்ட்டுக்கு அதவிட ஒண்ணு கூட்டணும், கூட்ட எடமே இல்ல, ரூம் ரூமா முடங்கிப் போச்சு, சினாப்ஸ் 0.28.1ல அவசரமா சரி பண்ணாங்க. 2025 மார்ச்ல சினாப்ஸ் 1.127.0 வரைக்கும் இருந்த ஒரு ஓட்டைல, கெட்ட ஈவென்ட் ஒண்ண அனுப்பி வாங்குன சர்வர் வேற யார்கூடயும் பேச முடியாம பண்ண முடிஞ்சுச்சு, நெசமாவே பண்ணவும் பண்ணாங்க, 1.127.1ல அடைச்சாங்க. அனுப்புனவர் சொன்ன எண்ண சோதிக்காம நம்புனதுதான் 2018ல நடந்தது. நானும் அண்ணன் சர்வர்ல இருந்து வரது ஒழுங்கா இருக்கும்னு நம்பித்தான் அந்த 500ஐ எழுதியிருந்தேன்.

விதிய நெனச்ச நேரத்துல இறுக்கவும் முடியாது. அதிகாரத்துக்கு 50ன்னு எண் போட வேண்டிய எடத்துல மேற்கோளுக்குள்ள எழுத்தா போட்டாலும் ரொம்ப நாள் ஏத்துக்கிட்டு இருந்தாங்க, பத்தாம் பதிப்பு ரூம்லதான் கண்டிப்பா எண்ணுதான்னு ஆச்சு. பழைய ரூமுக்கு பழைய விதிதான் கடைசி வரைக்கும், ஏன்னா நேத்து எல்லாரும் ஏத்துக்கிட்ட ஈவென்ட்ட இன்னைக்கு ஒரு சர்வர் மட்டும் செல்லாதுன்னா திரும்பவும் பிரிவினைதான். 2025ல வந்த பன்னெண்டாம் பதிப்புல ரூம் ஐடியே ரூம ஆரம்பிச்ச ஈவென்ட்டோட ஹாஷ் ஆயிடுச்சு. எங்க குடும்ப ரூம் இன்னும் பத்துலதான் இருக்கு, அண்ணன் சர்வர் பன்னெண்ட புரிஞ்சுக்கிட்ட பிறகுதான் மாத்தணும்.

இப்ப என்கிட்ட கெட்ட ஈவென்ட்டா சேத்து வச்ச ஒரு ஃபோல்டர் இருக்கு. பிரிச்சு எழுதுன கொழுக்கட்டை, 350.50, ரூம் ஐடி இல்லாதது, 86 தமிழ்க் குறி போட்ட வகைப் பேர், தடைக்கு முந்தி தேதி காட்டுற ஒண்ணு, ஆழம் எகிறுனது ஒண்ணு. கோட்ல எத மாத்துனாலும் மொதல்ல இதெல்லாத்தையும் நடுவுல நடுவுல வச்சு 50 ஈவென்ட் கட்டா கட்டி எனக்கே அனுப்பிப் பாக்குறேன், நல்லது எல்லாம் உள்ள வரணும், பதில் 200 வரணும். அண்ணனுக்கும் அந்த ஃபோல்டர அனுப்பிட்டேன், அவரு சர்வர் நாலுல நின்னுச்சு, போன வாரம் ரெண்டாயிடுச்சு.

மெனுவ அன்னைக்கே திரும்ப அனுப்புனேன், கொழுக்கட்டை போய்ச் சேந்துச்சு, கல்யாணத்தன்னைக்கு எலையிலயும் வந்துச்சு. ஆனா அத்தான் சர்வர்ல மொதல்ல காலியா விழுந்தது பதினோரு வரி, அது காலியாவே கெடக்கு, என் சர்வர்ல அதே பதினோரு எடத்துல மெனு முழுசா இருக்கு. அக்கா இப்பவும் அந்த ரூம மேல தள்ளிப் பாக்கும்போதெல்லாம் இங்க என்னடா எழுதியிருந்தன்னு கேப்பா, நான் என் ஃபோனப் பாத்து படிச்சு சொல்லுவேன்.